அயோனியன் உள்கடல்: பாய் விரிப்பது எளிது, படகைக் கட்டுவதில்தான் இருக்கிறது வேலை

கிரேக்கத் தீவு என்றதும் வெள்ளை வீடும் நீலக் குவிமாடமும் கண்ணுக்குள் வந்தால், அது ஏஜியன் கடல். சான்டோரினியும் மிக்கோனோஸும் அந்தப் பக்கம். கோடையில் அங்கே மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். பாய்மரப் படகை முதல்முறை வாடகைக்கு எடுப்பவர்கள் போகவேண்டியது நாட்டின் மேற்குக் கரைக்கு. அங்கே லெஃப்கடா, மெகனிசி, கலமோஸ், கஸ்தோஸ், இத்தாக்கா, கெஃபலோனியா என்று ஆறு தீவுகள் ஒருபுறமும் அகர்னானியா மலைகள் மறுபுறமுமாக வளைத்துப் பிடித்திருக்கும் நீர்ப்பரப்பு ஒன்று உண்டு. படகுக்காரர்கள் அதை உள்கடல் என்கிறார்கள்.

மேற்கிலிருந்து உருண்டு வரும் பெரிய அலையை லெஃப்கடாவும் கெஃபலோனியாவும் வாங்கிக்கொள்கின்றன. உள்ளே எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு தீவு தெரியும். அடுத்த துறைக்கு இரண்டு மூன்று மணி நேர ஓட்டம்தான். வற்றுப்பெருக்கு ஒரு சாண் அளவுக்குத்தான் இருக்கும் என்பதால், கட்டிய கயிற்றை இரவில் எழுந்து தளர்த்தும் வேலை கிடையாது. 1970களில் கிரேக்கத்துக்கு வந்த ஃப்ளோட்டில்லா விடுமுறை, அதாவது பத்துப் பன்னிரண்டு வாடகைப் படகுகள் ஒரு தலைமைப் படகின் பின்னால் ஊர் ஊராகப் போகும் முறை, இங்கே வேரூன்றி இன்றுவரை ஓடுவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் ஆபத்தே இல்லை' என்று கிளம்புகிறவர்கள் கடலில் மாட்டிக்கொள்வதில்லை. கரையிலிருந்து கடைசி 50 மீட்டரில் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகைப் படகுகளில் கீறல், உடைந்த சுக்கான், ப்ரொப்பெல்லரில் சுற்றிய கயிறு, கணவன் மனைவி சண்டை எல்லாம் நிகழ்வது மாலை 4 மணிக்கு, கரைமேடைக்கு முன்னால். அதனால் ஒவ்வொரு நாளின் திட்டத்தையும் அதன் முடிவிலிருந்து தொடங்குங்கள். இன்று எங்கே கட்டப்போகிறோம், அங்கே எத்தனை மணிக்கு இடம் தீரும், அந்நேரம் காற்று எந்தப் பக்கம் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் காலைக் காபி.

காற்றின் அட்டவணை

ஜூன் முதல் செப்டம்பர் பாதிவரை இங்கே காற்று ஆபீஸ் போகிற ஆள் மாதிரி. காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். பகல் 12 மணியிலிருந்து 2 மணிக்குள் வடமேற்கிலிருந்து மைஸ்த்ரோஸ் கிளம்பும். 3, 4 மணிக்கு 12 முதல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) வரை போய், பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். நம் கரையில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு: வடக்கே த்ரமுந்தானா, கிழக்கே லெவாந்தெஸ், தென்கிழக்கே சிரோக்கோஸ், தெற்கே ஒஸ்த்ரியா, மேற்கே புனெந்தெஸ். துறையில் யாராவது ஒஸ்த்ரியா, சிரோக்கோஸ் என்று பேசிக்கொண்டால் காது கொடுங்கள். தெற்கும் தென்கிழக்கும் திறந்து கிடக்கும் துறைகளில் அன்றிரவு தூக்கம் இராது.

மைஸ்த்ரோஸ் உச்சத்தில் இருக்கும் நேரமும் எல்லாப் படகும் துறைக்குள் நுழையும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஜூலை, ஆகஸ்டில் பெயர்பெற்ற சிறு துறைகளில் பகல் 2 மணிக்கே இடம் தீர்ந்துவிடும். ஆக, நல்ல காற்றில் ஓட வேண்டுமானால் நல்ல இடம் போய்விடும். நல்ல இடம் வேண்டுமானால் காலை 9 மணிக்குக் காற்றில்லாக் கடலில் இன்ஜின் போட்டுப் போகவேண்டும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக்கொள்ளலாம்: ஒரு நாள் சீக்கிரம் போய் ஊரில் கட்டுவது, மறுநாள் மாலை 6 வரை பாய் விரித்து ஓடிவிட்டு இடவசதியுள்ள குடாவில் நங்கூரம் போடுவது. மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் ஆகியவற்றில் இந்தத் தலைவலி பாதியாகக் குறையும். மே மாதத்தில் தண்ணீர் மட்டும் சில்லென்று இருக்கும்.

மலை மறைவு என்றால் காற்றில்லாத இடம் என்று நினைப்பது இன்னொரு தப்பு. 700 மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் கலமோஸின் கீழ்க்காற்றுப் பக்கத்தில், அதாவது காற்றுக்கு மறைவான பக்கத்தில், காற்று மலையேறி மறுபுறம் பொத்தென்று விழும். வெளியே 12 நாட் இருக்கும்போது அங்கே திடீரென்று 25 அடிக்கும். இத்தாக்காவின் மோலோஸ் வளைகுடாவிலும் இதே கதைதான். கெஃபலோனியாவுக்கும் இத்தாக்காவுக்கும் நடுவிலுள்ள கால்வாயோ காற்றைப் புனல்போலக் குவிக்கும். கடும் வெயில் நாட்களில் பெருநிலத்து மலைகள் இரவில் குளிரும்போது, அந்தக் குளிர்காற்று கனத்து வழிந்து கடலுக்கு இறங்கும். படுக்கப்போகும் நேரத்தில் வடகிழக்கிலிருந்து வந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆட்டிவிட்டு நின்றுவிடும். மாலையில் வடமேற்குக் காற்றுக்கு ஏற்றபடி போட்ட நங்கூரம் அப்போது எதிர்த்திசையில் இழுபடும். பின்னால் பாறை இருக்கிறதா என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவைப்பது இதற்காகத்தான்.

15 நாட் தாண்டினால் பாயை ஒரு மடிப்புச் சுருக்குங்கள். 20 என்றால் இரண்டாவது. வாடகைப் படகுகளில் பெரிய பாய் பெரும்பாலும் பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் வகை. அது சிக்குவதற்கு ஒரே காரணம் தளர்வாகச் சுருட்டுவது. படகைக் காற்றுக்கு நேராக நிறுத்தி, பூமை (பாயின் அடி விளிம்பைப் பிடிக்கும் கட்டையை) கீழே இழுக்கும் கயிற்றைத் தளர்த்தி, பாயின் வெளி முனைக் கயிற்றில் கொஞ்சம் இறுக்கம் வைத்தபடியே உள்ளே சுருட்டினால் மடிப்பு விழாது. நடுவில் சிக்கிவிட்டால் வின்ச் (கயிற்றை இழுக்கும் உருளை) போட்டு முறுக்காதீர்கள். ஒரு மீட்டர் வெளியே இழுத்து, மறுபடி மெதுவாகச் சுருட்டுங்கள். மோட்டார் வின்ச்சில் பட்டனை அமுக்கிக்கொண்டே மேலே பார்க்காமல் நிற்பவர்தான் பாயைக் கிழிக்கிறார்.

படகும் காகிதமும்

நான்கு பேருக்கு 34 முதல் 37 அடிப் படகு போதும். ஆறு பேர் என்றால் 40 முதல் 42. எட்டுப் படுக்கை என்று விளம்பரத்தில் இருந்தால், இரண்டு பேர் சாப்பாட்டு மேசையில் தூங்குகிறார்கள் என்று பொருள். இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் ஆடாது, வசதி அதிகம். ஆனால் கிரேக்கத்தின் சின்னத் துறைகளில் இரண்டு படகின் இடத்தை அது பிடிக்கும், வரவேற்பும் அதற்கேற்றபடிதான் இருக்கும். அண்மைக்காலப் படகுகள் பலவற்றில் சுக்கான் இரண்டு. ப்ரொப்பெல்லர் தள்ளும் நீர் எந்தச் சுக்கானிலும் நேராகப் படாது. ஆகவே நின்ற நிலையில் திரும்ப மாட்டேன் என்னும். ஓட்டம் பிடித்த பிறகே பேச்சுக் கேட்கும். பழைய ஒற்றைச் சுக்கான் படகு துறைக்குள் நல்ல பிள்ளை.

கிரேக்கத்தில் தானே ஓட்டுவதானால் ஸ்கிப்பரிடம் (படகை நடத்துபவரிடம்) ஏற்கப்பட்ட சான்றிதழ் வேண்டும். பிரிட்டனின் ஆர்வொய்ஏ (RYA) டே ஸ்கிப்பர், சர்வதேசச் சான்றான ஐசிசி (ICC) போன்றவை வழக்கமாக ஏற்கப்படுகின்றன. கூடவே அனுபவமுள்ள இரண்டாவது ஆள் ஒருவரின் பெயரும் பதிவாகவேண்டும். முன்பணம் கட்டும் முன்பே சான்றிதழின் நகலை அனுப்பி, 'இது செல்லும்' என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். படகில் இருக்கப்போகிற எல்லோருடைய பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அடங்கிய பட்டியல் பயணம் முழுக்கப் படகிலேயே இருக்கவேண்டும். கப்பல் வரி ஒன்று தனியாக உண்டு; அது வாடகையில் அடக்கமா என்று கேளுங்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் ஒரு ஸ்கிப்பரைக் கூலிக்கு அமர்த்தலாம். நாட்கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, தனிப் படுக்கையறை மூன்றும் சேர்ந்ததுதான் அவருடைய விலை. கடைசியதை மறந்து அறைக் கணக்கில் இடிப்பவர்கள் நிறைய. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. தங்குமிட ஆதாரமாகப் படகு ஒப்பந்தத்தைக் காட்டும்போது அதில் பயணிகள் அனைவரின் பெயரும் அச்சாகியிருந்தால் கேள்வி குறையும்.

பக்கத்து விமான நிலையம் ப்ரெவேசாவுக்கு எதிரே உள்ள அக்தியோன். கி.மு. 31இல் அந்தோனியும் கிளியோபாட்ராவும் தோற்ற அதே அக்தியோன்தான். அங்கிருந்து லெஃப்கடா டாக்சியில் அரை மணி. லெஃப்கடாவுக்குக் கப்பல் வேண்டாம். மிதக்கும் பாலம் ஒன்று பெருநிலத்தோடு இணைக்கிறது. வடக்கே போகும் படகுகளுக்காக அது மணிக்கொரு தடவை திறக்கும், நேரம் சீசனுக்குச் சீசன் மாறும். தெற்கே உள்கடலுக்குப் போகிறவர்கள் பாலத்தைத் தொடவே வேண்டாம், கால்வாயில் மிதவைகளுக்கு நடுவே ஓட்டினால் போதும். ஓரத்தில் சேறு.

படகைக் கையில் வாங்கும்போது சலிப்பில்லாமல் பார்க்கவேண்டியவை: சங்கிலி எத்தனை மீட்டர், பத்து மீட்டருக்கு ஒரு நிற அடையாளம் இருக்கிறதா, நங்கூர மோட்டாரின் பிரேக்கர் எங்கே (அது முதல் நாளே துள்ளும்), ப்ரொப்பெல்லர் எந்தப் பக்கம் உதைக்கிறது, கழிவறைத் தொட்டியின் வால்வு எது, நீளக் கயிறு 40, 50 மீட்டரில் ஒன்றாவது உண்டா. குழந்தைகளுக்கான உயிர்காப்பு அங்கியை முன்பதிவிலேயே எடை சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஒரு நீச்சல் கண்ணாடியும் வேண்டும். நங்கூரம் மண்ணில் புதைந்திருக்கிறதா, புல்மேல் படுத்திருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை.

பின்பக்கம் கரைக்கு

இங்கே படகைக் கார்போலப் பக்கவாட்டில் நிறுத்துவதில்லை. அணியத்திலிருந்து, அதாவது முன்பக்கத்திலிருந்து, நங்கூரத்தைக் கடலில் போட்டு, பின்னோக்கி வந்து, பின்பக்கத்தை இரண்டு கயிற்றால் கரையில் கட்டவேண்டும். பத்துப் படகு கட்டும் இடத்தில் முப்பது கட்டலாம் என்பதால் இந்த முறை.

ஆயத்தம் எல்லாம் துறைக்கு வெளியே, காற்றுக்கு முகம் காட்டி நின்றபடி நடக்கவேண்டும். பக்கத்துக்கு மூன்று ஃபெண்டர் (மோதலைத் தாங்கும் காற்றடைத்த மெத்தை), பின்னால் ஒன்று. பின்பக்கக் கிளீட் (கயிறு கட்டும் கொம்பு) இரண்டிலும் 15, 20 மீட்டர்க் கயிறு. ஒரு முனை கட்டியிருக்கட்டும், மறு முனை கைப்பிடிக் கம்பிக்கு வெளியே போய் உள்ளே வந்து சுருளாக இருக்கட்டும். கம்பிக்கு உள்ளேயே விட்டுவிட்டு எறிந்தால் கயிறு இறுகும்போது கம்பி வளையும். பின்னால் இழுத்துவரும் ரப்பர்ப் படகை அணியத்துக்கு மாற்றுங்கள். அதை மறந்து ரிவர்ஸ் போட்டு, அதன் கயிற்றையே ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்வது வாராவாரம் எங்காவது நடக்கிறது. நங்கூரத்தின் பூட்டு ஊசியைக் கழற்றி, நங்கூரத்தை உருளையிலிருந்து கொஞ்சம் கீழே தொங்கவிடுங்கள். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. சங்கிலி விடு, நிறுத்து, இழு என்ற மூன்றுக்கும் கைச்சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்ததும் இருபுறமும் இருக்கும் படகுகளின் சங்கிலி எந்தக் கோணத்தில் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று பாருங்கள். உங்கள் சங்கிலி அவற்றுக்கு இணையாகப் போகவேண்டும். கரையிலிருந்து படகின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு தூரத்தில் நங்கூரம். 11 மீட்டர்ப் படகென்றால் ஏறக்குறைய 45 மீட்டர். பக்கக்காற்று இருந்தால் காற்று வரும் பக்கம் அரைப்படகு தள்ளிப் போடுங்கள். ரிவர்ஸ் ஓட்டத்தை நங்கூரம் போடும் இடத்துக்கு இன்னும் வெளியிலிருந்தே தொடங்கிவிட்டால், சுக்கானுக்குப் பிடிப்பு வந்திருக்கும். நின்ற படகில் ரிவர்ஸ் போட்டால் ப்ரொப்பெல்லர் உதைத்துப் பின்பக்கம் ஒரு பக்கமாக, பெரும்பாலான படகுகளில் இடப்பக்கமாக, ஒதுங்கும்.

இரண்டு நாட் வேகம் இருக்கட்டும். சங்கிலி தடையின்றி ஓடட்டும். இங்கேதான் புதியவர்கள் கெடுப்பது: பயந்துபோய் வேகத்தைக் குறைக்கிறார்கள், இல்லையென்றால் அணியத்தில் நிற்பவர் சங்கிலியைப் பாதியில் நிறுத்துகிறார். அந்த நொடியே அணியம் காற்றோடு ஓடும், படகு பக்கத்துப் படகின் சங்கிலிமேல் குறுக்கே படுக்கும். கரைக்கு ஒன்றரைப் படகு தூரம் இருக்கும்போது சங்கிலியை மெல்லப் பிடித்து நிறுத்தினால், படகு மெதுவாவதோடு நங்கூரமும் மண்ணைக் கவ்வும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பின்னால் வாருங்கள். காற்று வரும் பக்கக் கயிறு முதலில் கரைக்கு, மற்றது பிறகு. நெருங்கும்போது கையாலோ காலாலோ தள்ளாதீர்கள். ஏழெட்டு டன் படகுக்கு முழங்கால் ஒரு பொருட்டில்லை. ஃபெண்டரை இடையில் வையுங்கள்.

கட்டியாயிற்று என்று பீர் திறக்கும் முன் ஒரு சோதனை: பின்கயிறுகளைச் சற்றே தளர்த்தி, மோட்டாரால் சங்கிலியை இழுங்கள். படகு முன்னால் நகர்ந்து சங்கிலி விறைத்தால் நங்கூரம் பிடித்திருக்கிறது. படகு அசையாமல் சங்கிலி மட்டும் உள்ளே வந்துகொண்டே இருந்தால் அது அடியில் உழுதுகொண்டு வருகிறது. எடுத்து மறுபடி போடவேண்டியதுதான். இரண்டாம் முறை போடுவதில் வெட்கம் இல்லை, இரவு 11 மணிக்குப் போடுவதில்தான் இருக்கிறது. பல பழைய கரைமேடைகளின் அடியில் கற்கள் தண்ணீருக்குள் துருத்திக்கொண்டிருக்கும். மேலே செங்குத்தான சுவர், கீழே சரிவு. சுக்கான் அங்கேதான் உடையும். நீர் தெளிவாக இருப்பதால் எட்டிப் பார்த்தாலே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளியே நிறுத்தி நடைபலகையை நீட்டுங்கள்.

எவ்வளவு கவனமாகப் போட்டாலும் ஒரு வாரத்தில் ஒருமுறையாவது உங்கள் நங்கூரத்தின்மேல் வேறொருவர் சங்கிலி கிடக்கும். காலையில் இழுக்கும்போது மோட்டார் முனகினால் அதுதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், மோட்டார் பேட்டரியை உறிஞ்சிவிடும். நங்கூரம் நீர்மட்டத்துக்கு வரும்வரை நிறுத்தி நிறுத்தித் தூக்குங்கள். அதன்மேல் தொங்கும் அயல் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றை வளையமாகக் கொடுத்து, இரு முனையையும் உங்கள் முன் கிளீட்டில் கட்டுங்கள். இப்போது உங்கள் நங்கூரத்தை ஒன்றிரண்டு மீட்டர் கீழே விட்டால் அந்தச் சங்கிலி கயிற்றில் தொங்கும், நங்கூரம் விடுபடும். படகைச் சற்றுப் பின்னுக்கு எடுத்து நங்கூரத்தை மேலே ஏற்றிவிட்டு, கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்து விடுங்கள். சங்கிலி அதன் இடத்துக்கே இறங்கிவிடும். கையால் தூக்கி எடுக்கப் பார்த்து விரலை நசுக்கிக்கொள்வதைவிட ஐந்து நிமிடம்தான் கூடுதல்.

லெஃப்கடாவின் சிவோட்டா, மெகனிசியின் ஸ்பிலியா போன்ற இடங்களில் தவெர்னாக்காரர்களே (உள்ளூர் உணவகக்காரர்கள்) மேடை போட்டு, அடியில் நிரந்தரக் கயிறும் வைத்திருப்பார்கள். இரவுச் சாப்பாடு அங்கே சாப்பிட்டால் கட்டணம் கிடையாது. கரையில் கொடுக்கப்படும் மெல்லிய கயிற்றைப் பிடித்து அணியம்வரை நடந்து, அதன் கனத்த முனையை முன் கிளீட்டில் கட்டவேண்டும். அந்தக் கயிறு தண்ணீரில் இருக்கும்வரை கியரில் கை வைக்கக்கூடாது.

குடாக்களில் வேறு முறை. கரை சட்டென்று ஆழமாகிவிடுவதால் படகு சுற்றிவர இடமிருக்காது. 10, 12 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டு, கரைநோக்கிப் பின்வாங்கி, ஒருவர் நீந்தியோ ரப்பர்ப் படகிலோ நீளக் கயிற்றைக் கொண்டுபோய்ப் பாறையில் கட்டவேண்டும். மிதக்கும் கயிறாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மரத்தில் கட்டுவதானால் பட்டை உரியாதபடி பழைய துணி சுற்றுங்கள். கயிற்றின் நடுவில் வெள்ளைத் துணியோ சின்ன ஃபெண்டரோ தொங்கவிட்டால் இருட்டில் யாரும் அதன்மேல் ஓட்டமாட்டார்கள். நங்கூரம் போட வெளிர்நிற மணல்திட்டைத் தேடுங்கள். கரும்பச்சையாகத் தெரிவது பொசிடோனியா புல். அதன்மேல் நங்கூரம் வழுக்கும், பிடித்தாலும் புல்லை வேரோடு பிய்க்கும்.

ஒரு வாரத்துக்கு ஒரு பாதை

லெஃப்கடாவின் கிழக்குக் கரையிலுள்ள நிட்ரியிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் நான்கைந்து கடல் மைல் தாண்டாதீர்கள். மெகனிசியின் வடகரையில் விரல்விரலாக உள்ள குடாக்களில் அபெலிக்கியோ அதெரினோஸோ போதும். நீளக் கயிற்றுப் பாடத்தை அங்கே படித்துக்கொள்ளலாம். வழியில் மரம் மூடிக் கிடக்கும் ஸ்கோர்பியோஸ், கிரேக்கக் கப்பல் அதிபர் ஓனாசிஸின் தீவாக இருந்தது. 1968 அக்டோபரில் ஜாக்குலின் கென்னடியை அவர் மணந்தது அங்கேதான். தனியார் சொத்து, கரையேற முடியாது.

இரண்டாம் நாள் மெகனிசிக் கால்வாய் வழியாகத் தெற்கே சிவோட்டா. மூன்றாம் நாள் அங்கிருந்து கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ, சுமார் 11 மைல் திறந்த நீர். வாரத்திலேயே நல்ல பாய் ஓட்டம் இதுதான். 1953 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் கெஃபலோனியாவும் இத்தாக்காவும் ஏறக்குறையத் தரைமட்டமாயின. பெரிதாகச் சேதமில்லாமல் தப்பிய ஊர் ஃபிஸ்கார்டோ. பழைய வெனிஸ் காலத்து முகம் கெஃபலோனியாவில் பெரும்பாலும் இங்கேதான் மிஞ்சியதால் கூட்டமும் இங்கேதான். பகல் 1 மணிக்குள் போகாவிட்டால் வடகரைப் பாறைகளில் நீளக் கயிறுதான் கதி. உண்மையில் அதுவே மேல்: இரவுச் சத்தம் இல்லை, காலையில் படிக்கட்டிலிருந்தே நீச்சல்.

நான்காம் நாள் இத்தாக்காவின் வடமுனையைச் சுற்றிக் கியோனி, எட்டொன்பது மைல். நுழைவாயிலில் இடிந்த மூன்று காற்றாலைகள் அடையாளம். கியோனியில் இடம் கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே ஃப்ரிக்கெஸ். அதுவும் நிறைந்துவிட்டால் தெற்கே ஆறேழு மைலில் வாத்தி இருக்கிறது. பெரிய குடா, சேற்று அடி, நங்கூரம் ஆணி அடித்ததுபோல் நிற்கும். ஐந்தாம் நாள் கிழக்கே கஸ்தோஸ், 12 மைலுக்குச் சற்றுமேல். நடுவழியில் ஆளில்லாத அதோகோஸ் தீவில் ஒற்றை வீட்டுக் குடா என்ற இடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கலாம். பன்றிகள் கடற்கரையில் உலாவும், சோற்றுப் பாத்திரத்தைக் கரையில் வைக்காதீர்கள். தென்கிழக்கே தெரிகிற எக்கினாதிஸ் தீவுகளின் பக்கம்தான் 1571இன் லெபாண்டோ கடற்போர் நடந்தது. ஆறாம் நாள் கலமோஸ் துறை, இல்லையென்றால் 1953க்குப் பிறகு ஊரார் விட்டுப்போன போர்ட் லியோனே. காலி வீடுகளுக்கு நடுவே தேவாலயம் மட்டும் இன்னும் பராமரிப்பில் இருக்கிறது. முன்னே சொன்ன இரவுக்காற்று மாட்டும் இடமும் இதுதான். மொத்தம் 60 மைலுக்குள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா, இன்னும் தெற்கே சகிந்தோஸ் தீவுக்கும் போகலாமே' என்று தோன்றும். வேண்டாம். ஒரு வாரத்தில் அதைச் சேர்த்தால் இன்ஜின் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கும்.

வானிலையைக் காலையும் மாலையும் இரண்டு இடத்தில் பாருங்கள்: கிரேக்க வானிலைத் துறையின் கடல் அறிக்கை, பொசெய்டன் காற்று வரைபடம். கோடையில் காற்றைவிட இடிமேகத்துக்கே அஞ்சவேண்டும், குறிப்பாகச் செப்டம்பரில். நிட்ரிக்குப் பக்கத்திலுள்ள விலிக்கோ குடா நாலாபுறமும் நிலம் சூழ்ந்த குளம். அதிலேயே 2011 செப்டம்பரில் சில நிமிடச் சூறை படகுகளைச் சாய்த்துப் போட்டது. 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் கெஃபலோனியா, இத்தாக்கா துறைகளில் பல படகுகளைக் கரையேற்றியது, மூழ்கடித்தது. எச்சரிக்கை வந்தால் கரைமேடையில் வரிசையாகக் கட்டியிருப்பதைவிட, சேற்று அடியுள்ள குடாவில் மற்றவர்களைவிட்டு விலகி, இருக்கிற சங்கிலியெல்லாம் விட்டு நிற்பது நல்லது. வெயில் கூடாரத்தை மடித்துவிடுங்கள், தளத்தில் தளர்வாக எதுவும் வேண்டாம், இன்ஜின் சாவி இடத்திலேயே இருக்கட்டும். உதவிக்குப் படகின் விஎச்எஃப் (VHF) வானொலியில் 16ஆம் அலைவரிசை; செல்பேசியில் கடலோரக் காவல் 108, பொது அவசரம் 112. நம் ஊர் ஆம்புலன்ஸ் எண் அங்கே கடலோரக் காவலாக இருப்பது மறக்காமலிருக்க உதவும்.

படகு வீடு

36 அடிப் படகில் நன்னீர் ஏறக்குறைய 300 லிட்டர். நான்கு பேர் நகரக் குளியல் குளித்தால் இரண்டு நாள். கடலில் குளித்துக் கடைசியில் ஒரு செம்பு நன்னீர் ஊற்றிக்கொண்டால் நான்கு நாள். குடிக்க பாட்டில் நீர் தனி. ஃப்ரிட்ஜ்தான் பேட்டரிக்கு எமன். படகின் ஃப்ரிட்ஜ், விளக்குகளுக்கான பேட்டரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம். நாளுக்கு இரண்டு மணி நேரம் இன்ஜின் ஓடினால் சமாளிக்கலாம். டீசல் மணிக்கு மூன்று லிட்டர் சுமார். கழிவறையில் காகிதம் போடவே கூடாது, பக்கத்துக் கூடையில்தான். குழாய் விரலளவு, அடைத்துக்கொண்டால் கழற்றப்போவது ஸ்கிப்பர். துறைக்குள் தொட்டி வால்வை மூடிவைத்து, வெளியே ஆழக்கடலில் திறந்துவிடுங்கள். தினமும் திறந்து மூடாவிட்டால் வால்வின் வாய் கெட்டியாகிவிடும்.

இரண்டு அடுப்புச் சமையலறையில் குக்கர் ஒன்று இருந்தால் ராஜ வாழ்க்கை. படகில் தரமாட்டார்கள், மூன்று லிட்டர்க் குக்கரைப் பெட்டியில் கொண்டுபோங்கள். லெஃப்கடாவின் மலையூர் எங்ளூவியில் விளையும் சின்ன மசூர்ப் பயறு கிரேக்கம் முழுக்கப் பெயர்பெற்றது. விலை அதிகம்தான், ஆனால் குழம்புக்கு அப்படி அமையும். சாம்பார்ப்பொடி, பெருங்காயம், புளி மூன்றையும் நீங்கள் கொண்டுபோனால் மீதியெல்லாம் நிட்ரி சூப்பர் மார்க்கெட்டில் உண்டு. சமைத்து முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். கசிந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். தவெர்னாவில் மீன் கிலோ கணக்கு. சுடுவதற்கு முன் எடையைக் காட்டச் சொல்லிக் கேட்பது அங்கே வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாடகை பெரும்பாலும் சனி மாலை முதல் சனி காலை வரை, ஆனால் வெள்ளி மாலையே தளத்துக்குத் திரும்பிவிடவேண்டும். அன்று 5 மணிக்கு டீசல் பம்ப்பில் வரிசை நிற்கும். மதியமே போய் நிரப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது முந்தைய துறையிலேயே சின்ன டேங்கர் லாரியைக் கரைமேடைக்கு வரவழையுங்கள். பிறகு முக்குளிப்பவர் ஒருவர் படகின் அடியை, முக்கியமாகச் சுக்கானையும் அடியில் நீண்டிருக்கும் கனத்த கீலையும், பார்ப்பார். எங்காவது கல்லில் உரசியிருந்தால் அவர் தண்ணீரில் இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முன்வைப்புத் தொகைப் பேச்சு அதன்பின் சுமுகமாகப் போகும்.